பார்டர் பிபியும் ஒரு பிபி மெஷினும்: ஐந்து மாதம் கட்டிப் பார்த்ததில்

மேல்கையில் கட்டிப் பார்க்கிற டிஜிட்டல் பிபி மெஷின் ஒன்றை ஆன்லைனில் 1,950 ரூபாய்க்கு வாங்கி ஐந்து மாதம் ஆகிறது. எந்தக் கம்பெனி என்று சொல்லவில்லை. நான் இங்கே திட்டப்போகிற விஷயங்கள் இந்த விலையில் விற்கிற பல மெஷின்களுக்குப் பொருந்தும், பாராட்டப்போவதும் அப்படித்தான். அவசரக்காரர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மெஷின் நல்லது, கையில் சுற்றக் கூட வந்த பட்டை எனக்கு உதவவில்லை, மெஷினுக்கான போன் ஆப்பை அழித்துவிட்டேன். மீதி எல்லாம் இதை ஏன் வாங்கினேன் என்ற கதை, அது கொஞ்சம் நீளம்.

எனக்கு 44 வயது. திருச்சியில் வீடு, காலை ஒன்பதரைக்கு நாற்காலியில் உட்கார்ந்தால் மாலை ஆறரைக்கு எழுகிற வேலை. முதுகுவலிக்கு டாக்டரிடம் போன இடத்தில் பிபி பார்த்தார்கள், 138/88. "பார்டர்ல இருக்கு, உப்பைக் குறைங்க, மூணு மாசம் கழிச்சுப் பார்க்கலாம்" என்றார் டாக்டர். நம் ஊரில் பார்டர் என்ற சொல்லுக்கு ஒரு தனி மகிமை உண்டு. பார்டர் சுகர், பார்டர் கொழுப்பு, பார்டர் பிரஷர். பார்டரில் பாஸ் ஆன பையன் மாதிரி, தப்பித்துவிட்டோம் என்றுதான் எடுத்துக்கொள்வோம். நானும் வருகிற வழியில் ரெண்டு பஜ்ஜி சாப்பிட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.

அன்று இரவுதான் உறைத்தது, அப்பாவுக்கும் பத்து வருடமாக பார்டர்தான் சொன்னார்கள் என்று.

ஆறு வருடத்துக்கு முன்பு ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் கையிலிருந்து பிரஷ் நழுவி வாஷ்பேசினில் விழுந்தது. எடுக்கப் போனார், விரல் மடங்கவில்லை. "என்னங்க ஆச்சு" என்று அம்மா கேட்டதற்கு அவர் சொன்ன பதில் குழறியது. பித்தம் என்று நினைத்து சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தோம் (செய்யவே கூடாது, விழுங்க முடியாதவருக்குப் புரையேறிவிடும்), ஒரு மணி நேரம் படுக்கவைத்துப் பார்த்தோம், முதலில் போன இடத்தில் ஸ்கேன் இல்லை என்று இன்னொரு இடத்துக்கு ஓடினோம், இப்படியே ஐந்து மணி நேரம் கரைந்துவிட்டது. வந்திருந்தது பக்கவாதம், ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டுமாம். இப்போது அப்பா நடக்கிறார், பேசுகிறார், ஆனால் சட்டைப் பட்டனை மட்டும் அம்மாதான் போட்டுவிடுகிறார்.

அன்றைக்கு எனக்குப் புரியாத ஒரு விஷயம் இருந்தது. பிரஷர் என்றால் குழாய் வெடிக்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன், மோட்டார் போட்டதும் பழைய பிவிசி பைப் பிளந்துகொள்ளுமே, அந்த மாதிரி. ஸ்கேனைப் பார்த்த டாக்டரோ, "கசிவு இல்லை, அடைப்புதான், மூளையில சின்னக் குழாய் ஒண்ணு அடைச்சிருக்கு" என்றார். அழுத்தம் கூடினால் வெடிக்கத்தானே வேண்டும், எதற்கு அடைக்கிறது? முட்டாள்தனமான கேள்வி என்று நினைத்து அப்போது கேட்காமல் விட்டுவிட்டேன். பிறகு படித்தால், இங்கிலாந்தில் பர்மிங்காமில் கிரகரி லிப் என்ற இதய மருத்துவரும் அவரோடு இருந்தவர்களும் இதே கேள்விக்குப் பர்மிங்காம் முரண் என்று பெயரே வைத்திருக்கிறார்கள். குழாய்க்குள் அழுத்தம் அதிகம், ஆனால் அதனால் வருகிற மாரடைப்பும் பக்கவாதமும் பெரும்பாலும் ரத்தம் உறைந்து அடைப்பதால்தான் வருகின்றன என்பதே அந்த முரண்.

எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன். ரத்தக் குழாயின் உள்பக்கம் முழுக்க, ஒரே ஒரு செல் கனத்தில் ஒரு படலம் இருக்கிறது, எண்டோதீலியம் என்கிறார்கள். பார்க்க பைப்புக்குள் அடித்த பெயிண்ட் மாதிரி இருந்தாலும் சும்மா இருக்கிற ஆள் கிடையாது, நாள் முழுக்க வேலை செய்கிறது. நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே இருக்கும். அது குழாயைச் சுற்றியுள்ள தசையைத் தளர்த்தும், ரத்தத்தை உறையவைக்கிற பிளேட்லெட்டுகள் சுவரில் ஒட்டாமலும் பார்த்துக்கொள்ளும். (டெங்கு வந்த எல்லா வீட்டிலும் பிளேட்லெட் எத்தனை ஆயிரம் என்று சின்னப் பிள்ளைகூட ஒப்பிக்கும், ஆனால் அது குறைந்தால் மட்டும்தான் பிரச்சினை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.) குழாயைத் தளர்த்துவது இந்த வாயுதான் என்று கண்டுபிடித்ததற்காக 1998-ல் மூன்று பேருக்கு மருத்துவ நோபல் கிடைத்தது.

அழுத்தம் கொஞ்சம்தான் கூடுதல், ஆனால் வருடக்கணக்காக அப்படியே இருக்கிறது என்றால் இந்தப் படலம் நொந்துபோகிறது. நைட்ரிக் ஆக்சைடு குறைகிறது. மேல் எண் 120-க்கும் 139-க்கும் நடுவில் இருக்கிற ஆட்களிடமே இது குறைந்திருப்பதை, முன்கையில் ரத்த ஓட்டத்தை அளந்து காட்டியிருக்கிறார்கள். பிளேட்லெட்டைச் சுவரோடு ஒட்டவைக்கிற வான் வில்லிபிராண்டு காரணி என்று ஒரு புரதம், இதே செல்களுக்குள் மூட்டை கட்டி வைத்திருப்பது, தேவைக்கு மேல் வெளியே வருகிறது. சுவர் தடிக்கிறது, விறைக்கிறது, கொழுப்பு உள்ளே படிய இடம் கிடைக்கிறது. மூளையின் ஆழத்தில் இருக்கிற நூல் மாதிரியான குழாய்களுக்கு இது ரொம்பவே ஆகாது, அப்பாவுக்கு அடைத்தது அந்த ரகம்.

என்னை அதிகம் உலுக்கியது வேறொன்று. அப்பாவுக்குப் போடத் தவறிய அந்த ஊசி மருந்து இருக்கிறதே, அது டிபிஏ என்கிற பொருள், ஆய்வகத்தில் செய்தது. அதே டிபிஏவை நம் ரத்தக் குழாயின் உள்சுவர் தானாகவே விட்டுக்கொண்டிருக்கிறது, சின்னச் சின்னக் கட்டி சேர்ந்தால் அங்கேயே கரைத்துவிடுவதற்கு. பிரஷர் உள்ளவர்களுக்கு இந்தச் சுரப்பு மந்தமாகிறது, அதைத் தடுக்கிற பிஏஐ-1 என்ற இன்னொரு புரதம் கூடுகிறது. உறையவைக்கிற கை ஓங்கிவிடுகிறது, கரைக்கிற கை தாழ்ந்துவிடுகிறது. விர்க்கோ என்ற ஜெர்மன் மருத்துவரின் 1856-ஆம் வருட எழுத்திலிருந்து பிறந்த பாடம் ஒன்று இன்றைக்கும் மருத்துவக் கல்லூரியில் நடக்கிறது: சுவர் கெட்டாலோ, ஓட்டம் கெட்டாலோ, ரத்தத்தின் சேர்மானம் கெட்டாலோ கட்டி வரும். பிரஷர் இந்த மூன்றிலும் கை வைக்கிறது.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, 135 காட்டிய மறுநாளே யாருக்கும் கட்டி வந்துவிடாது. ஆனால் 140-ஐத் தொட்டதும் மணியடித்து ஆரம்பிக்கிற சமாச்சாரமும் இல்லை. 61 ஆய்வுகளிலிருந்து பத்து லட்சம் பேரைச் சேர்த்துப் போட்ட ஒரு கணக்கு 2002-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. 40 முதல் 69 வயது வரை, 115/75-இல் தொடங்கி மேல் எண் 20 ஏறும்போதெல்லாம் பக்கவாதத்தாலும் இதய அடைப்பாலும் சாகிற வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. என் 138 என்பது 118-ஐவிடச் சரியாக 20 அதிகம். பஜ்ஜி ஜீரணமாகவில்லை.

சரி, மெஷினுக்கு வருகிறேன்.

பெட்டிக்குள் மெஷின், பட்டை, நாலு பேட்டரி, ஆங்கிலத்திலும் இந்தியிலும் கையேடு. தமிழில் ஒரு வரி இல்லை. மளிகைப் பொட்டலத்தில்கூடத் தமிழ் வந்துவிட்டது, வயதானவர்கள் வீட்டில் தனியாக உட்கார்ந்து பயன்படுத்துகிற கருவிக்கு இல்லை. பட்டையின் ஓரத்தில் 22–32 செ.மீ. என்று பொடி எழுத்தில் அச்சடித்திருந்தது. பெரும்பாலானோர் அதைப் படிப்பதே இல்லை, நானும் மூன்று நாள் படிக்கவில்லை. நாலாவது நாள், காற்று ஏறும்போது வெல்க்ரோ 'சர்ர்ர்' என்று பிரிந்து பட்டை வாயைப் பிளந்துகொண்டது. அம்மாவின் தையல் டேப்பை எடுத்து மேல்கையின் நடுவில் சுற்றினேன், 34½ செ.மீ. உடற்பயிற்சி செய்த கையெல்லாம் இல்லை, இட்லி தின்ற கைதான்.

இது சின்ன விஷயம் இல்லை. கைக்குச் சிறிதான பட்டை கூடுதலாகத்தான் காட்டும். 2023-ல் அமெரிக்காவில் இதையே சோதித்துப் பார்த்தார்கள்: என்னைப் போல ஒரு சைஸ் பெரியது தேவைப்படுகிறவர்களுக்குச் சாதாரணப் பட்டையைக் கட்டினால் மேல் எண் சராசரியாக 4.8 கூடுகிறது, இருப்பதிலேயே பெரிய பட்டை தேவைப்படுகிறவர்களுக்கு 19.5 கூடுகிறது. 19.5 என்றால் ஒன்றுமில்லாத ஆளை மாத்திரை சாப்பிடவைத்துவிடலாம். பெரிய பட்டை தனியாக 720 ரூபாய். ஆக எனக்கு மெஷினின் உண்மையான விலை 2,670. வாங்குகிற பக்கத்திலேயே கையின் சுற்றளவைக் கேட்டுவிட்டு அதற்கேற்ற பட்டையை அனுப்பினால் என்ன கெட்டுப்போகும்? ஒரு ஸ்டார் இதற்காகவே குறைத்தேன்.

பெரிய பட்டை வந்ததும் டாக்டரின் கிளினிக்குக்கே மெஷினைத் தூக்கிக்கொண்டு போனேன். அவருடைய கருவியில் ஒருமுறை, என்னுடையதில் ஒருமுறை என்று மாற்றி மாற்றி மூன்று தடவை. வித்தியாசம் 2, 4, 3. "இது போதும் சார்" என்றார். மணிக்கட்டில் கட்டுகிற குட்டி மெஷின் வாங்க வேண்டாம் என்று அவர்தான் சொன்னார், கை வைக்கிற உயரம் கொஞ்சம் மாறினாலும் அது மாற்றிக் காட்டுமாம்.

மெஷின் சரியாக இருந்தாலும் பார்க்கிற விதம் சரியாக இருக்க வேண்டும், அங்கேதான் நம் வீடுகளில் சிக்கல். ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும். முதுகு சாய்ந்து, பாதம் தரையில், கால்மேல் கால் போடாமல், பட்டை நெஞ்சு உயரத்தில், முக்கியமாகப் பேசாமல். முந்தைய அரைமணியில் காபி கூடாது, சிறுநீரை அடக்கிக்கொண்டும் உட்காரக் கூடாது. எங்கள் வீட்டில் ஐந்து நிமிடம் யாரும் பேசாமல் இருந்தது கடைசியாகக் கரண்ட் போனபோது. நான் கண்ணை மூடி உட்கார்ந்தால்தான் குக்கர் விசில் எத்தனை என்று எண்ணச் சொல்வார்கள். கை வைக்கிற இடமும் கணக்குதான்: 2024-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வில், கையை மேஜையில் வைப்பதற்குப் பதிலாக மடியில் வைத்தால் மேல் எண் 3.9 கூடியது, தொங்கவிட்டால் 6.5. தெருமுனை மெடிக்கல் ஷாப்பில் ஒருமுறை நின்றபடியே, சட்டைக்கு மேலேயே கட்டி, நடுவில் யாருக்கோ டோலோ எடுத்துக் கொடுத்துக்கொண்டே பார்த்து 154 என்றார் அந்தத் தம்பி. "அண்ணே, மாத்திரை எதுவும் எடுக்கிறீங்களா?" என்று கேட்டபோது அவர் முகத்தில் இருந்த கவலைதான் எனக்கு இன்னும் ஒரு பத்து ஏற்றியிருக்கும்.

காலையில் இரண்டு தடவை, மாலையில் இரண்டு தடவை, ஏழு நாள், முதல் நாளை விட்டுவிட்டு மீதியைச் சராசரி போட வேண்டும் என்பது விதி. எனக்கு வந்தது 133/84. வீட்டில் பார்ப்பதற்கு 135/85-தான் எல்லை, கிளினிக்கின் 140/90-க்கு அதுதான் சமம். ஆக மறுபடியும் பார்டர்! 2017-ல் அமெரிக்கர்கள் எல்லையை 130/80-க்கு இறக்கிவிட்டதால், விமானம் ஏறினால் நான் பிரஷர் நோயாளி, திருச்சியில் இறங்கினால் பார்டர். ரத்தக் குழாய்க்குப் பாஸ்போர்ட் தெரியாது என்று என் மனைவி சொன்னாள், எழுதிவைத்துக்கொண்டேன்.

சராசரியைவிட எனக்கு உபயோகமாக இருந்தது காலை எண்ணும் மாலை எண்ணும் தனித்தனியாகத் தெரிந்ததுதான். காலையில் சுமார் 137, மாலையில் 129. கிளினிக்குக்கு எப்போதும் மாலையில் போகிறவன் நான், காலையைப் பார்த்ததே இல்லை. தூங்கி எழுந்து நிற்கிற நேரத்தில் பிரஷர் ஏறும், பிளேட்லெட்டுகளின் ஒட்டும் குணமும் அப்போது கூடும், கட்டியைக் கரையவிடாமல் தடுக்கிற பிஏஐ-1 உச்சத்தில் இருப்பதும் காலையில்தான். மாரடைப்பும் பக்கவாதமும் காலை ஆறு மணியிலிருந்து மதியத்துக்குள் அதிகமாக வருவதற்கு இவையும் காரணம் என்கிறார்கள். வாஷ்பேசினில் விழுந்த பிரஷ் ஞாபகம் வந்தது. ஐந்து மாதத்தில் இந்த மெஷின் எனக்குக் கொடுத்த ஒரே புதுச் செய்தி என்று இதைத்தான் சொல்வேன்.

விஷயம் வெளியே தெரிந்ததும் பெரிய மாமா போன் போட்டார். "டேய், ஒரு 75 ஆஸ்பிரினைப் போட்டுக்கடா, ரத்தம் தண்ணி மாதிரி ஓடும், நான் பத்து வருஷமா போடறேன்." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, கட்டிதான் பிரச்சினை என்றால் கட்டி வராமல் மாத்திரை போட்டால் என்ன? டாக்டரிடம் கேட்டேன். ஏற்கெனவே மாரடைப்போ அடைப்பினால் பக்கவாதமோ வந்தவர்களுக்கு அது வேண்டும், அப்பா போடுகிறார், அவர் அதை நிறுத்தவே கூடாது. ஒன்றும் வராத எனக்கு, லாபத்தைவிட வயிற்றிலும் மூளையிலும் ரத்தம் கசிகிற ஆபத்து பெரிது. 1998-ல் வெளிவந்த ஹாட் என்ற பெரிய ஆய்வில் பிரஷர்காரர்களுக்கு 75 மி.கி. ஆஸ்பிரின் கொடுத்துப் பார்த்தபோது மாரடைப்பு குறைந்தது, கூடவே பெரிய ரத்தக்கசிவுகள் கிட்டத்தட்ட இரண்டு மடங்கானது. பிரஷரை இறக்குவதே உள்சுவருக்குச் செய்கிற வைத்தியம் என்றார் டாக்டர். மாமாவிடம் சொன்னேன். "உன் டாக்டர் சின்னப் பையன்" என்றார்.

இதே சாக்கில் ஒரு லேப்காரர்களும் வந்தார்கள், ரத்த உறைவு டெஸ்ட் உட்பட முழு உடல் பேக்கேஜ் 3,999 ரூபாய் என்று. அதில் டி-டைமர் இருந்தது. காலிலோ நுரையீரலிலோ கட்டி இருக்கிறதா என்று சந்தேகம் வரும்போது டாக்டர்கள் எழுதுகிற டெஸ்ட் அது, சும்மா இருக்கிற ஆளுக்கு எடுத்தால் வீண் பயம்தான் மிச்சம். குழாய்களின் நிலைமை தெரிய வேண்டும் என்றால், சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்று ஒரு டெஸ்டும், கண் டாக்டரிடம் விழித்திரையைக் காட்டுவதும் போதும் என்று என் டாக்டர் சொன்னார். உடம்பில் ரத்தக் குழாயை அறுக்காமல் கொள்ளாமல் நேராகப் பார்க்க வசதியான இடம் கண்தானாம். ரெண்டும் பார்த்தேன், நன்றாகவே இருக்கின்றன.

ஆப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. போன் நம்பர், பிறந்த தேதி, இருக்கிற இடம் எல்லாம் கேட்டது, மூன்றாவது நாள் எதையோ வாங்கச் சொல்லி நோட்டிபிகேஷன். எல்ஐசி டைரி ஒன்று சும்மா கிடந்தது, அதில் எழுதுகிறேன்.

திரையில் இதயத்துடிப்பு சீராக இல்லை என்று காட்டுகிற ஒரு குறி உண்டு. ஒருமுறை அது எனக்கு வந்து அன்றைக்கு முழுக்கத் தூக்கம் போச்சு, அப்புறம் பார்த்தால் நான் கொசு அடிக்கக் கையை ஆட்டியிருக்கிறேன். ஆனால் அசையாமல் உட்கார்ந்தும் திரும்பத் திரும்ப வந்தால் ஈசிஜி எடுத்துவிட வேண்டும். பிரஷர்காரர்களுக்கு வரக்கூடிய ஒருவகைத் துடிப்புக் கோளாறில் இதயத்துக்குள்ளேயே கட்டி சேர்ந்து மூளைக்குப் போய்விடும். அந்தக் குறிக்காக மட்டும் அரை ஸ்டார் திருப்பிக் கொடுக்கலாமா என்றுகூட யோசித்தேன்.

இந்த ஐந்து மாதத்தில் என்ன செய்தேன் என்றால், அதிகாலையில் காவிரிப் பாலத்தில் நாற்பது நிமிட நடை, அப்புறம் உப்பு. நடையில் எனக்குப் பிடித்த விஷயம் மறுபடியும் அந்த டிபிஏதான்: உட்கார்ந்தே பழகிய நடுத்தர வயதுக்காரர்களை மூன்று மாதம் நடக்கவைத்துப் பார்த்தபோது குழாய்ச் சுவர் டிபிஏவை விடுகிற திறன் மேம்பட்டிருக்கிறது. ஊசிக்குப் போட்டியாக நானே தயாரிக்கிறேன் என்ற நினைப்பில் நடக்கிறேன். உப்பில்தான் வீட்டில் போர். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்கிறது, ஒரு டீஸ்பூன் தலை தட்டி. எங்கள் வீட்டு மாவடு ஜாடியில் ஒரு கரண்டி எடுத்தாலே அன்றைய கணக்கில் பாதி போய்விடும் போலிருக்கிறது. "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்று அம்மா பழமொழியோடு வந்தார். மாவடுவை ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் என்று சமரசமாகிவிட்டோம், அப்பளம் தானாக நின்றுவிட்டது. போன வாரச் சராசரி 126/79, மாத்திரை இல்லாமல். எல்லோருக்கும் இப்படி இறங்கும் என்று நான் சொல்லவில்லை. சிலருக்கு மாத்திரை வேண்டும், அதை ஒரு தோல்வியாக நினைக்கிறவர்களை எனக்குப் புரியவில்லை.

இப்போது மெஷின் வீட்டுக்கே பொதுவாகிவிட்டது. அப்பாவுக்கு இடது கையில்தான் கட்டுகிறோம், பக்கவாதம் பாதித்த கையில் பார்க்கக் கூடாது என்றார்கள். மக்களைத் தேடி மருத்துவத்தில் மாதாமாதம் மாத்திரை கொண்டுவருகிற அக்கா, எங்கள் டைரியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இப்படி எழுதி வெச்சா எங்களுக்கும் வேலை சுலபம் சார்" என்றார். 2021-ல் அந்தத் திட்டம் வந்தபோது கிண்டல் செய்தவன் நான், இப்போது அவர் வரும் நாளில் காபி போட்டு வைக்கிறோம். அம்மாவின் கை ஒல்லி, 24 செ.மீ., அதனால் நான் ஒதுக்கிய பழைய பட்டை அவருக்குச் சரியாக இருக்கிறது. என் பெரிய பட்டையை அவருக்குக் கட்டினால் குறைத்துக் காட்டும், ஒருநாள் அவசரத்தில் மாற்றிக் கட்டி 108 என்று பார்த்துவிட்டு அவர் ரெண்டு மாவடு எடுத்துக்கொண்டார்.

ஆக, 5-க்கு 4. வாங்குவதற்கு முன் தையல் டேப்பை எடுத்துக் கையை அளந்துவிடுங்கள். அப்புறம் வாரண்டி அட்டையையும் படித்துவிடுங்கள்: மெஷினுக்கு ஒரு வருடம் உண்டு, பட்டைக்குக் கிடையாது. என் பெரிய பட்டையின் ஓரத்தில் நூல் இப்போதே பிரிய ஆரம்பித்திருக்கிறது, அம்மா நாளைக்குத் தைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.